கான்டினென்டல் ஜிடி: இரும்பு நிற்கும், ரப்பர் நிற்காது

இங்கிலாந்தின் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டினால் 2004, 2005-ஆம் ஆண்டு பென்ட்லி கான்டினென்டல் ஜிடி ஒன்று, புதுக் குடும்பக் கார் ஒன்றைவிடக் குறைந்த விலைக்கு நிற்பதைப் பார்க்கலாம். 12 சிலிண்டர், இரண்டு டர்போ, நாலு சக்கரத்துக்கும் இழுவை, மணிக்கு 318 கிமீ, உள்ளே திரும்பிய பக்கமெல்லாம் தோலும் மரமும். கை துறுதுறுக்கத்தான் செய்யும். விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதைக் கழற்றிப் பூட்டப் பிடிக்கும் மணிக்கணக்கு ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. எந்தத் தலைமுறையில் எது கெடும், ஏன் கெடும், காசு கொடுக்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

பெயர் பழசு. 1952-ல் வந்த ஆர்-டைப் கான்டினென்டல், ஹெச்.ஜே. முல்லினர் கட்டிய உடலோடு, நாலு பேர் உட்கார்ந்து கண்டம் கடக்கிற வேகக் கார். கிராண்ட் டூரர் என்ற சொல்லுக்கே அதுதான் பொருள்: பெட்டியை டிக்கியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஓட்டி, இறங்கும்போது முதுகு வலிக்காத கார். 1998-ல் ஃபோக்ஸ்வாகன் பென்ட்லியை வாங்கியது. 2003-ல் இங்கிலாந்தின் கிரூ ஊரில் உள்ள பென்ட்லி ஆலையிலிருந்து முதல் கான்டினென்டல் ஜிடி வந்தது. இரண்டாம் தலைமுறை 2011, மூன்றாவது 2018, நான்காவது 2024. பின் சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் அந்தத் தோள்பட்டை வளைவு 1952 காரிலிருந்து வந்தது. எந்தத் தலைமுறையிலும் அதை விடவில்லை.

முதல் தலைமுறையின் அடித்தளம் ஃபோக்ஸ்வாகனின் பெரிய செடான் காரான ஃபேட்டனுடையது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்ஜினும் அதைச் சுற்றியுள்ள நெரிசலும்

6 லிட்டர் டபிள்யூ12-ஐப் புரிந்துகொண்டால் இந்தக் காரின் பாதிக் கோளாறு புரிந்துவிடும். சாதாரண வி12-ல் வரிசைக்கு ஆறு சிலிண்டர், இரண்டு வரிசை. இன்ஜின் நீளமாக இருக்கும். இங்கே 15 டிகிரி இடைவெளியில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஆறு சிலிண்டர்த் தொகுதி இரண்டை, 72 டிகிரியில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். நீளம் குறைந்துவிட்டது. அதனால் முன் அச்சுக்கு முன்னாலேயே இன்ஜினை வைத்து, பின்னால் கியர்பாக்ஸையும் நாலு சக்கர இழுவையையும் பொருத்த முடிந்தது. 2003-ல் சக்தி 560 பிஎஸ் (குதிரைத்திறன்), முறுக்குவிசை 650 நியூட்டன் மீட்டர். 2007-ல் வந்த ஸ்பீட் என்ற வேக வகையில் 610 பிஎஸ், 750 நியூட்டன் மீட்டர்.

நீளம் குறைந்தது, அகலம் கூடியது. பக்கத்துக்கு ஒரு டர்போ, அதன் எண்ணெய்க் குழாய், கூலன்ட் குழாய், வெப்பத் தகடு எல்லாம் சேர்ந்து போனட்டுக்கு அடியில் விரல் நுழைய இடம் கிடையாது. இன்ஜினின் உள் உறுப்புகள் கெட்டி. செயின் டைமிங் என்பதால் பெல்ட் மாற்றும் வேலையும் இல்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருந்தால் கிராங்க், பிஸ்டன் பக்கம் தொல்லை அபூர்வம். கெடுவது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர்தான். இன்ஜினின் பின்பக்கம், கேபினைப் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலை ஒட்டி ஓடும் வேக்குவம் குழாய்கள் டர்போ சூட்டில் வெந்து, பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். தொட்டால் பொடியும். கூலன்ட் குழாய் இணைப்புகளின் ஓரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) தட்டையாகி, கெட்டியாகி, சொட்ட ஆரம்பிக்கும். ஒரு அடிக் குழாயின் விலை ஒன்றுமில்லை. அதைத் தொடுவதற்குப் பல சமயம் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும்.

வேக்குவம் கசிவை ஸ்கேனர் வைத்தே மோப்பம் பிடிக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஃபியூயல் ட்ரிம் எண்ணை, அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். கூட்டல் பத்து, பதினைந்து சதவீதம் என்று நின்று, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று அர்த்தம். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும், அதனால் எண் இறங்கும். ஐடிலிலும் ஏற்றியபோதும் ஒரே அளவில் கூட்டலாக நின்றால் பெட்ரோல் அழுத்தம், காற்று அளவி பக்கம் தேட வேண்டும். சந்தேகம் வந்தால் இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்மோக் டெஸ்ட். இன்டேக்கில் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டு, எங்கே வெளிவருகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. அழுத்தத்தைக் கூட்டி நல்ல குழாயையும் பிய்த்துவிடுகிற அவசரக்காரர்கள் உண்டு, கவனம்.

இன்ஜின் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் கஞ்சத்தனம் கூடாது. வேக்குவம் குழாய் மொத்தமும், பின்பக்கக் கூலன்ட் குழாய்களும் ஓரிங்குகளும், டர்போ எண்ணெய்க் குழாய்களின் கேஸ்கெட்டுகள், தெர்மோஸ்டாட், இன்ஜின் மவுண்ட், 12 ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் ஒரே கையோடு முடித்துவிட வேண்டும். கெட்டுப்போன ஒரே ஒரு ஓரிங்கை மட்டும் மாற்றி மூடிய கார், அடுத்த ஆண்டு பக்கத்து ஓரிங்குக்காகத் திரும்பவும் லிஃப்டில் ஏறும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் காகிதம் இன்ஜின் இறக்கிச் செய்த வேலையின் பில். அதில் என்னென்ன பாகம் என்று வரிவரியாக இருக்க வேண்டும். அப்படிப் பில் உள்ள, ஓட்டம் கூடுதலான கார், பில்லே இல்லாத குறைந்த ஓட்டக் காரைவிட மேல். ஓடாமல் நின்ற காரிலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் காயில் 12 இருக்கிறது. வேகம் எடுக்கும்போது மட்டும் திணறி, ஐடிலில் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் காயில் அல்லது பிளக். எந்த சிலிண்டர் என்று ஸ்கேனர் சொல்லும். அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே நகர்கிறதா என்று பார்த்தால் போதும். நகர்ந்தால் காயில், நகராவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

தண்ணீர்

முதல் தலைமுறைக் காரைக் கொல்வதில் இன்ஜினுக்குப் போட்டியாக நிற்பது மழைதான். விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் ஒரு தொட்டி மாதிரி பள்ளம் உண்டு. மழைநீர் அதில் விழுந்து இரு ஓரத்துத் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலை மக்கிச் சேறாகித் துளை அடைத்துக்கொள்ளும். தொட்டி நிரம்பும். நிரம்பியது கேபினுக்குள் வழியும்.

உள்ளே வந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. கார்ப்பெட்டுக்கு அடியில் தடித்த ஃபோம் இருக்கிறது. சத்தம் தடுக்கப் போட்டது, ஸ்பாஞ்சு போலக் குடித்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். எலக்ட்ரானிக் மாட்யூல்களும் ஒயர் இணைப்புகளும் இருப்பதும் அதே தரையில்தான். இணைப்பில் பச்சை பிடித்தால் ஒரு நாள் ஜன்னல் இறங்காது, மறுநாள் சஸ்பென்ஷன் எச்சரிக்கை, அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை. இப்படிச் சம்பந்தமில்லாத கோளாறுகள் மாறி மாறி வந்தால் ஒவ்வொரு மாட்யூலாக மாற்றிக்கொண்டு போகாதீர்கள். முதலில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள்.

பார்க்கும் முறை இது. நாலு கால்வைக்கும் இடத்திலும் மிதியடியை எடுத்துவிட்டு, கட்டைவிரலைக் கார்ப்பெட்டில் பலமாக அழுத்திப் பத்து வினாடி வையுங்கள். விரல் குளிர்ந்தாலோ ஈரம் ஊறினாலோ விஷயம் முடிந்தது. காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்திருந்தாலும், கதவைத் திறந்ததும் பழைய துணி வாடை அடித்தாலும் அதே கதைதான். பிறகு போனட்டைத் திறந்து வைப்பர் அடி மூடியைக் கழற்றி, ஒரு லிட்டர் தண்ணீரை இரு ஓரத்திலும் மெல்ல ஊற்றுங்கள். சட்டென்று காருக்கு அடியில் கொட்ட வேண்டும். தேங்கினால் அடைப்பு. வளையும் பிளாஸ்டிக் கம்பியால் குத்தி எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை மேலிருந்து அடித்தால் கீழே உள்ள வடிகுழாய் கழன்று, பிறகு தண்ணீர் நேரே உள்ளேயே இறங்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, முக்கியமாக இலையுதிர் காலம் முடிந்ததும் செய்ய வேண்டிய பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் போனதால் குப்பைக்குப் போன கார்கள் இருக்கின்றன என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஏர் சஸ்பென்ஷன், கீழ்க்கட்டு

நாலு மூலையிலும் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை வைத்த ஸ்ட்ரட். காற்றுப்பையின் ரப்பர் மடிகிற இடத்தில் வெடிப்பு விட்டுக் கசியும். கசிவு சின்னதாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி ஈடுகட்டிவிடும். ஓய்வில்லாமல் ஓடுகிற கம்ப்ரஸர் சூடேறி ஒரு நாள் எரியும். அப்போது கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும். கசிவை அடைத்த பிறகுதான் கம்ப்ரஸர், கூடவே அதன் ரிலேயும். முனை கருகிய பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புது கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியே சாகும்.

கசிவைப் பிடிக்க டேப் ஒன்று போதும். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமல், கதவைக்கூடத் திறக்காமல் திரும்ப அளக்க வேண்டும். நாலும் ஒரே மாதிரி சில மில்லிமீட்டர் இறங்கினால் பெரிதாகக் கவலை வேண்டாம். ஒரு மூலை மட்டும் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்த ஸ்ட்ரட்தான். மேல் இணைப்பிலும் குழாய் முனையிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சில சமயம் ஸ்ட்ரட்டை மாற்றத் தேவையே இருக்காது, குழாய் இணைப்பு மட்டும்தான் கசிந்துகொண்டிருக்கும். ஜாக் வைப்பதற்கு முன் மெனுவில் ஜாக் மோடு போட மறக்காதீர்கள். போடாவிட்டால் கார் தன்னைச் சமன்செய்துகொள்ளப் பார்த்துக் காற்றை இறக்கும், ஏற்றும். அடியில் ஆள் இருக்கும்போது அது விளையாட்டல்ல.

முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள் பக்கத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. பள்ளத்தில் 'டொக்' என்று சத்தம் வந்தால் இவற்றின் புஷ் (ரப்பர் உறை) அல்லது பால் ஜாயின்ட். பாகம் சுலபமாகக் கிடைக்கும். வேலையை நரகமாக்குவது ஒரே ஒரு போல்ட். மேல் ஆர்ம்கள் இரண்டையும் நக்கிளில் (சக்கரம் மாட்டும் உலோகத் துண்டு) பிடித்திருக்கும் நீளமான பிஞ்ச் போல்ட் எஃகு, நக்கிள் அலுமினியம். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுவார்கள். உப்புத் தண்ணீர் புகுந்து இரு உலோகமும் ஒன்றாக வெந்த மாதிரி இறுகிவிடும். சுத்தியலால் அடித்தால் போல்ட் வராது, நக்கிள்தான் விரிசல் விடும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நக்கிளை மிதமாகச் சூடாக்கி, போல்ட்டை முன்னும் பின்னும் அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் துளைபோட்டுத்தான் ஆக வேண்டும். புது போல்ட்டுக்கு, இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். இன்னொன்று, ஆர்மின் உள்முனைப் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. கார் தன் சாதாரண உயரத்தில் நிற்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்குமோ அந்தக் கோணத்தில் வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரமே கிழியும். புது ஆர்ம் போட்டும் சத்தம் திரும்ப வந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

டயர் நாலும் ஒரே அளவு: 19 அங்குலத்தில் 275/40, 20 அங்குலத்தில் 275/35. எடை 2,385 கிலோ. முன்பக்க பிரேக் டிஸ்க் 405 மில்லிமீட்டர். இவ்வளவு கனத்தை நிறுத்துவதால் பேடும் டிஸ்க்கும் வேகமாகத் தேயும், அது குற்றமல்ல. டயரின் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நாலு சக்கரத்தில் மூன்று பிராண்டு டயர் மாட்டிய ஜிடியைப் பார்த்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம். டயரில் மிச்சம் பிடித்தவர் வேறெதிலும் செலவழித்திருக்க மாட்டார்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் 6ஹெச்பி26, ஆறு வேகம். இதன் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிமீ, அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டுக்கு உள்ளே இருக்கும். தட்டின் போல்ட்டுகளை அளவுக்கு மேல் இறுக்கினால் தட்டு வளையும். தட்டைக் கழற்றினாலும் எண்ணெய் முழுக்க வெளியே வராது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் கொஞ்சம் தங்கும். நிரப்பும் முறையில்தான் எல்லோரும் கோட்டை விடுவது: கார் சமமாக நிற்க வேண்டும். நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில வினாடி போட்டு எடுக்க வேண்டும். எண்ணெய் 40 டிகிரிக்கு வரும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், துளையில் மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. குளிர்ந்த நிலையில் இன்ஜினை நிறுத்திவிட்டு அளந்தால் லிட்டர் கணக்கில் குறையும். பக்கவாட்டில் ஒயர் இணைப்பு நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ் உண்டு, அதன் ஓரிங் கசியும். தட்டைக் கழற்றியபோதே மாற்றிவிடுங்கள்.

கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் பற்றியும் ஒரு வார்த்தை. கதவில் சட்டம் இல்லாததால் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழிறங்கும், மூடியதும் ஏறும். ஸ்விட்ச் தேய்ந்தால் கதவு மூடியிருப்பதே காருக்குத் தெரியாது. அதனால் கார் தூங்கப் போகாது, மாட்யூல்கள் விழித்தே இருக்கும், இரண்டு நாளில் பேட்டரி காலி. டிக்கியில் பேட்டரி இரண்டு, ஒன்று ஸ்டார்ட்டருக்கு, மற்றது மீதி அனைத்துக்கும். பேட்டரியை மாற்றி மாற்றிச் சலித்தவர்கள் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது.

இப்போது ஃபேட்டன் விஷயம். பாகத்தின் எண் 3டபிள்யூ என்று தொடங்கினால் அது பென்ட்லிக்கென்றே உள்ளது. 3டி என்றால் ஃபேட்டனுடையது; ஃபோக்ஸ்வாகன் கடையிலேயே கேட்கலாம். ஆடி எண்களும் நிறைய வரும். பென்ட்லி பெட்டியில் வருவதும் சாதாரணப் பெட்டியில் வருவதும் பல சமயம் ஒரே ஆலையின் ஒரே பொருள், விலை மட்டும் வேறு. எண்ணைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்கும் தெரியாதவரும் கொடுக்கும் பில்லில் வித்தியாசம் பெரிது.

பிரிட்டனில் வாங்குகிறவருக்கு ஒரு தேதி முக்கியம்: 2006 மார்ச் 23. அதற்கு முன் பதிவான கார், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கக்கினாலும், சாலை வரியில் கே பட்டையோடு நிற்கும். அன்றும் பிறகும் பதிவானது எம் பட்டை, வரி மிகக் கூடுதல். ஒரே கார், ஒரே இன்ஜின், சில நாள் வித்தியாசம். விளம்பரத்தில் ஆண்டை மட்டும் பார்க்காமல் பதிவுத் தேதியைக் கேளுங்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும்

2011 காரில் அடித்தளம் பெரிதும் பழையதே. டபிள்யூ12 575 பிஎஸ் ஆனது, இழுவைப் பங்கீடு முன்னுக்கு 40, பின்னுக்கு 60 என மாறியது. பெரிய மாற்றம் 2012-ல் வந்த 4 லிட்டர் வி8: 507 பிஎஸ், 660 நியூட்டன் மீட்டர், எட்டு வேக இசட்எஃப், லேசாக ஓட்டும்போது நாலு சிலிண்டர் தானே தூங்கும். காகிதத்தில் டபிள்யூ12-ஐவிடக் குறைவு. ஓட்டினால் முன்பக்கம் லேசானது கையிலேயே தெரியும். என் கணக்கில் அந்தத் தலைமுறையில் எடுக்க வேண்டியது வி8-தான். தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்: பின்னால் சைலன்ஸர் வாய் 8 என்ற எண்ணைப் படுக்கவைத்தது போல இருக்கும், பேட்ஜ் சிவப்பு.

வி8-க்கும் ஒரு வியாதி உண்டு. இதே குடும்ப இன்ஜின் ஆடியின் எஸ்6, எஸ்7, ஆர்எஸ்7 வகைக் கார்களிலும் இருக்கிறது. டர்போ இரண்டும் இன்ஜின் நடுப்பள்ளத்தில், கொதிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு எண்ணெய் போகும் வழியில் மெல்லிய வலை வடிகட்டி. சூட்டில் எண்ணெய் கருகிப் படிந்து வலை அடைத்தால் டர்போ எண்ணெய் இல்லாமல் சுழன்று அழியும். ஆடி இதற்காகத் தன் கார்களைத் திரும்ப அழைத்து, கண் பெரிதான வலையைப் போட்டுக் கொடுத்தது. வி8 ஜிடி வாங்கினால் அந்த வடிகட்டி மாற்றப்பட்டதா என்று பில்லில் தேடுங்கள். எண்ணெயை நிறுவனம் சொல்லும் கெடுவில் பாதிக்கே மாற்றிவிடுவது மலிவான காப்பு.

2018 கார் உண்மையிலேயே புது மனிதர். அடித்தளம் போர்ஷே பனமேராவோடு பகிர்ந்த எம்எஸ்பி. முன் அச்சை 135 மில்லிமீட்டர் முன்னே தள்ளினார்கள், இன்ஜின் பின்னே போன மாதிரி ஆனது. மூக்குக் கனம் என்ற 15 ஆண்டுக் குறை அங்கே தீர்ந்தது. டபிள்யூ12 635 பிஎஸ், 900 நியூட்டன் மீட்டர், நூறு கிமீ வேகத்துக்கு 3.7 வினாடி, உச்சம் 333 கிமீ. டார்க் கன்வர்ட்டர் போய், இரண்டு கிளட்ச் வைத்த எட்டு வேக டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ் வந்தது. சாதாரணமாகப் பின் சக்கர இழுவை. தேவைப்பட்டால் கம்ஃபர்ட், பென்ட்லி மோடுகளில் 38 சதவீதம்வரை முன்னுக்குப் போகும், ஸ்போர்ட்டில் 17 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஏர் ஸ்பிரிங்கில் மூன்று அறை. வளைவில் சாயாமல் பிடிக்க 48 வோல்ட் மோட்டார் வைத்த ஆன்டி-ரோல் பார், 0.3 வினாடியில் 1,300 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது வேகமாக விரட்ட வேண்டாம். நெரிசலில் ஊரும் வேகத்தில், லேசான ஏற்றத்தில், நிறுத்தி நிறுத்தி நகருங்கள். டபுள் கிளட்ச்சின் குணம் அங்கேதான் தெரியும். லேசாகத் தயங்குவது அதன் பிறவிக் குணம். இடித்துப் பிடிப்பதும், ரிவர்ஸில் அதிர்வதும் கோளாறு. டேஷ்போர்டில் சுழலும் திரை இருக்கிறது, மூன்று முகம்: ஒன்றில் 12.3 அங்குலத் திரை, ஒன்றில் வெப்பம், திசை, நேரம் காட்டும் முள் மீட்டர்கள், மூன்றாவது வெறும் மரம். பத்து முறையாவது சுழற்றிப் பாருங்கள். பாதியில் நிற்கக் கூடாது, விளிம்பில் உரசல் சத்தம் வரக் கூடாது. சீட்டில் வைரத்துக்குள் வைரம் தையல் இருந்தால் ஒரு வைரத்துக்கு 712 தையல், ஒவ்வொன்றும் அதன் மையத்தைப் பார்த்தபடி. ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரத்தில், ஏறி இறங்கும்போது உரசும் இடத்தில் அந்த நூல் பிரிந்திருந்தால் அதைப் பழையபடி தைப்பது சாதாரண சீட் கடை வேலையல்ல.

டயர் இனி முன்னும் பின்னும் வேறு: 21 அங்குலத்தில் முன்னே 265/40, பின்னே 305/35. இடம் மாற்றிப் போட முடியாது. இரும்பு டிஸ்க் 420 மில்லிமீட்டர். செராமிக் பிரேக் உள்ள கார் என்றால் 440 மில்லிமீட்டர், பத்து பிஸ்டன். அதைச் சக்கரம் கழற்றித்தான் பார்க்க வேண்டும். தேய்மானம் சீக்கிரம் வராது, ஆனால் சக்கரம் மாற்றும்போது ரிம் இடித்து விளிம்பில் சில்லு பெயர்ந்தால் டிஸ்க் போயிற்று. பக்கவாட்டு உடல் தகடு அலுமினியத்தைச் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கிக் காற்றழுத்தத்தில் வடித்த ஒரே பெரிய துண்டு. அந்தக் கூர்மையான மடிப்புக்கோடு அப்படித்தான் வந்தது. பின் மட்கார்டில் அடிபட்ட காரில் டிங்கரிங் செய்து அந்தக் கோட்டைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்று கோட்டை முன்னிருந்து பின்வரை கண்ணால் பின்தொடருங்கள். எங்காவது மழுங்கியிருந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள்.

2024-ல் கிரூவில் டபிள்யூ12 நின்றுபோனது, ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டிய பிறகு. நான்காம் தலைமுறை ஸ்பீட் 4 லிட்டர் வி8-ம் 190 பிஎஸ் மின் மோட்டாரும் சேர்ந்து 782 பிஎஸ், 1,000 நியூட்டன் மீட்டர். 25.9 கிலோவாட்-மணி பேட்டரி பின்னால் போனதால் முன்னும் பின்னும் எடைப் பங்கு 49:51. மூக்குக் கனக் காருக்கு இது தலைகீழ் மாற்றம். விலையாகக் கொடுத்தது டிக்கி: 358 லிட்டராக இருந்தது 260 ஆனது. பெட்டி போட்டுக்கொண்டு கண்டம் கடக்கிற காரில் இது எனக்கு ஒப்பவில்லை. எடையும் 2,459 கிலோ. பழசாகும்போது எது கெடும் என்று சொல்ல இன்னும் வயதாகவில்லை.

எதைப் பார்க்கப் போனாலும் விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், காரைச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று. போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பின்னால் ஒருவரை நிறுத்தி நீலப் புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் டர்போ சீல். அரை மணி நேரமாவது ஓட்டி, திரும்பி வந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். சூடு பின்பக்கம் ஏறுவது அப்போதுதான். கூலன்டின் இனிப்பு வாடை வந்தாலோ, கியர்பாக்ஸ் தொடங்கும் இடத்துக்கு நேர்கீழே தரையில் ஒரு சொட்டு விழுந்தாலோ, அது பின்பக்க ஓரிங். விலை பேச உட்காரும்போது இன்ஜின் இறக்கும் கூலியைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.